அவசரக்காரனும் ஐந்து நிமிடமும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென்று மலர்க் குழுவினர் பணித்தபொழுது முதலில் தயங்கினேன். கல்லூரியின் பெயரை விளையாட்டரங்கிலே நாட்டியவர்களும், பரீட்சைகளிலே முதன்மை பெற்றவர்களும், பிற்காலத்தில் உயர்ந்த பதவிகளை அலங்கரித்தவர்களும் நம்முள் பலர் உளர். அவர்களுக்கு எழுத விஷயம் உண்டு. துறைமுகக் கந்தோரிலே இலிகிதனாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு எழுத என்ன உண்டு? எண்ணிப் பார்த்தபொழுது, கல்லூரியிலே நான் கற்றவற்றுள் இன்றும் நாள்தோறும் எனக்குப் பயன்படுவது ஒன்றே ஒன்று என்று கண்டேன். அது பாடத்திட்டத்தில் இருந்ததன்று. வகுப்பறையிலே கற்பிக்கப்பட்டதும் அன்று. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருப்பது எப்படி என்பதே அது. அதைக் கற்க எனக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றுள்ளன. இன்னும் முற்றக் கற்றேனில்லை.

1962 ஆம் ஆண்டில் எனக்கு வயது பதினாறு. அக்காலத்தில் நமது கல்லூரி நூல்நிலையத்திலே சுவாமி விவேகானந்தரின் நூல்களுக்கென ஒரு தட்டு இருந்தது. இராமகிருஷ்ண சங்கத்தின் தொடர்புடைய கல்லூரியிலே அது இல்லாதிருந்தால்தான் வியப்பு. சுவாமிகளின் இராஜ யோகம் அச்சேறியது 1896 இல். அவர் கொழும்புத் துறையில் வந்திறங்கியது 1897 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆந் திகதி. நமது கல்லூரி தோன்றியதும் அதே 1897 இல். இந்த ஒற்றுமையை நான் ஒரு தெய்வ சங்கேதமாகவே எடுத்துக்கொண்டேன். பதினாறு வயதில் எதைத்தான் நாம் சங்கேதமாகக் கொள்ளவில்லை! நூலை மூன்று இரவில் வாசித்து முடித்தேன். நான்காம் நாள் யோகியாகிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மூச்சைப் பதினாறு மாத்திரை உள்ளிழுத்து, அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தி, முப்பத்திரண்டு மாத்திரை வெளிவிடுவது என்ற கணக்குத் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் உள்ளது என்பதைப் பலரும் அறிவர். அக்கணக்கு எத்துணைக் காலப் பயிற்சிக்குப்பின் எய்தத்தக்கது என்பதை நான் எண்ணினேனில்லை. அது கணக்காக இருந்தது. எனக்குக் கணக்கு வரும். ஆகவே செய்யத் தொடங்கினேன். எங்கள் வீட்டு விறாந்தையிலே தொங்கிய சுவர்க் கடிகாரத்தின் ஒலியே எனக்கு மாத்திரை. அறுபத்துநான்கு ஒலிவரை மூச்சைப் பிடித்தால் முகம் வீங்கும், காது அடைக்கும். அதனை நான் முன்னேற்றம் என்று கொண்டேன். இடையிடையே துருத்தி ஊதுவதுபோல் விரைந்து மூச்சுவிடும் பயிற்சி ஒன்றையும் வேறோர் இடத்தில் வாசித்துச் சேர்த்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் தலையிடி வந்தது. நித்திரை போயிற்று. அம்மா, பிள்ளைக்குக் கண்ணூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். ஒரு திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையின்போது, புறப்படுமுன் வீட்டில் நூறு துருத்தி ஊதிவிட்டு ஓட்டமாய் வந்து வரிசையில் நின்றவன், அப்படியே முன்னால் நின்றவன் முதுகின்மேற் சாய்ந்து விழுந்தேன்.

இன்றைய மருத்துவர்கள் இதற்குச் சொல்லும் காரணம் எளிது. விரைந்து மூச்சு விடும்பொழுது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு மிகக் குறைந்துவிடுகின்றது. அது குறைந்தால் மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்கி, அங்கே இரத்தம் போதாமற்போகின்றது. மயக்கம் வருவதற்கு இதுவே போதும். குண்டலினி எழுந்துவிட்டதென்று ஒரு கணம் மகிழ்ந்ததை ஒளிக்க விரும்பவில்லை.

எனக்குத் தண்ணீர் தெளித்து, மாமரத்தடி வாங்கிலே படுக்கவைத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் கணித ஆசிரியர். அவர் பெயரை ஈண்டு எழுதாமைக்குக் காரணம், உயிரோடிருந்த காலத்தில் தம் பெயர் எங்கும் அச்சிடப்படுவதை அவர் விரும்பாமையே. அக்கால மாணவர் எல்லாரும் அவர் யார் என்று உடனே அறிந்துகொள்வர். வெள்ளை வேட்டி, சந்தனக் குறி, சட்டைப் பையிலே எப்பொழுதும் ஒரு சிவப்புப் பென்சில்.

"தம்பி, எவ்வளவு காலமாய் இந்த வேலை நடக்குது?" என்றார்.

நான் தலையிடி என்றேன். காய்ச்சல் என்றேன். "நான் கேட்டது அதையில்லை," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்தினேன் என்று நான் சொன்னபொழுது மாத்திரம், "மடையன்" என்று மெல்லச் சொன்னார். அன்பாகச் சொன்னார் என்றே இன்றும் நினைக்கின்றேன்.

அவர் எனக்கு விதித்தது இவ்வளவே. மூச்சைப் பிடிக்கவேண்டாம், எண்ணவும் வேண்டாம். காலையில் எழுந்து முகங்கழுவி, ஐந்து நிமிடம் நிமிர்ந்து அமர்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் பார்க்கவேண்டும். மனம் ஓடினால் திரும்ப அழைக்கவேண்டும், ஏசக்கூடாது. ஆறு மாதம்வரை ஐந்தை ஆறாக்கக்கூடாது. ஓர் அப்பியாசக் கொப்பியிலே, அமர்ந்த நாளுக்கு ஒரு நெட்டுக்கோடு; அமராத நாளுக்கு இடம் வெறுமையாக விடவேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் அனுபவம், தரிசனம், ஒளி என்று ஒரு சொல்லும் எழுதக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் கொப்பியைத் தம்மிடம் காட்டவேண்டும்.

"ஐந்து நிமிடத்தில் என்ன சேர் வரும்?"

"ஒன்றும் வராது. அதுக்குத்தான் சொல்லுறன்."

ஏமாற்றமாக இருந்தது. நான் கேட்டது மலை. அவர் தந்தது ஒரு கூழாங்கல். ஆயினும் அவரிடம் மறுத்துப் பேசும் துணிவு எனக்கிருக்கவில்லை. முதல் வாரம் ஏழு கோடுகள் போட்டேன். இரண்டாம் வாரம் ஐந்து. மூன்றாம் வாரம் இரண்டு. ஐந்து நிமிடந்தானே, பிறகு செய்யலாம் என்ற எண்ணமே காரணம். அறுபத்துநான்கு மாத்திரை நிறுத்துவதற்கு ஒரு நாளும் சலிக்காதவன், ஐந்து நிமிடம் சும்மா அமர மூன்றாம் வாரத்திலேயே சலித்தேன். கடினமானதைச் செய்வதில் ஒரு பெருமை உண்டு. சிறியதைச் செய்வதில் அது இல்லை. அப்பெருமையை எடுத்துவிட்டால் எஞ்சுவது எவ்வளவு என்று காட்டுவதே அவர் நோக்கம்போலும்.

இரண்டு கோட்டுடன் போன வெள்ளியன்று அவர் கோபிக்கவில்லை. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் முதற் பாதத்தில், சாதகனுக்கு வரும் இடையூறுகள் ஒன்பது என்று கணக்கிட்டிருக்கின்றார் என்றும், அவற்றை நான் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவரவேண்டும் என்றும் சொன்னார். எழுதினேன்: நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலனாசை, பிழையான காட்சி, நிலை எய்தாமை, எய்திய நிலையில் நில்லாமை. எட்டாவதையும் ஒன்பதாவதையும் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டார். முயன்றும் ஒரு படி ஏறாமல் நிற்பது ஒன்று. ஏறிய படியிலிருந்து சறுக்கி விழுவது மற்றொன்று. இவ்விரண்டும் தனக்கு மாத்திரம் வந்த அவமானம் என்று ஒவ்வொருவனும் நினைக்கின்றான், அதனாலேயே விட்டுவிடுகின்றான். முனிவரோ வழியிலுள்ள கல்லும் முள்ளும்போல இவற்றையும் முன்னரே எழுதிவைத்திருக்கின்றார் என்று விளக்கினார். அதே பாதத்திலே பயிற்சி உறுதிப்படுவதற்கு மூன்று வேண்டுமென்று சொல்லப்பட்டுள்ளது: நெடுங்காலம், இடையறாமை, மதிப்போடு செய்தல். கீதையின் ஆறாம் அத்தியாயமும் சிறிது சிறிதாக என்றே பேசுகின்றது. மூச்சுப் பயிற்சியையும் கூறும் நூலாகிய ஹட யோகப் பிரதீபிகையோ சிங்கம், யானை, புலி ஆகியவற்றைப் பழக்குவதைப்போல மூச்சையும் மெல்ல மெல்லவே வசப்படுத்தவேண்டும் என்றும், அவசரப்பட்டால் அது பழக்குபவனையே கொல்லும் என்றும் எச்சரிக்கின்றது. "நீர் புலியின் வாலைப் பிடித்து முறுக்கியிருக்கிறீர்," என்றார்.

ஆசிரியர் சிறுவனாக இக்கல்லூரியிலே பயின்றது விபுலாநந்த அடிகளாரின் காலத்தில். 1925 இல் கல்லூரி இராமகிருஷ்ண சங்கத்தின் பராமரிப்பில் வந்தபின் அடிகளார் இங்கே பணியாற்றியதையும், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகச் சென்றதையும் இம்மலரில் வேறு அன்பர்கள் விரிவாக எழுதக்கூடும். ஆசிரியர் எனக்குச் சொல்ல விரும்பியது அடிகளாரின் யோகத்தைப்பற்றியன்று, யாழ் நூலைப்பற்றியே. அடிகளார் அடிப்படையில் விஞ்ஞானம் பயின்றவர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரி. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே சில அடிகளில் அடங்கிய இசைச் செய்தியை எடுத்துக்கொண்டு, வழக்கொழிந்துபோன யாழின் நரம்புகளுக்கு அலகு கணக்கிட்டு, ஆண்டுக்கணக்காக அதிலேயே உழன்றார். இடையில் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியிலே பத்திரிகாசிரியப் பணி; பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகப் பணி; எங்கு சென்றாலும் அந்தக் கணக்கு உடன் சென்றது. 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே நூல் அரங்கேறியது. ஜூலை 19 ஆந் திகதி அடிகளார் மறைந்தார்.

"முடிக்கவேணும் என்று அவசரப்பட்டிருந்தால் ஐந்து வருடத்தில் ஒரு நூல் வந்திருக்கும். அது வேறை நூல்," என்று ஆசிரியர் சொன்னார். கணிதம் கற்பித்தவர் ஆகையால் அவருக்கு அதில் ஈர்ப்பு அதிகம். ஒரு மாலை முழுதும் இருபத்திரண்டு அலகுகளின் விகிதங்களைக் கரும்பலகையில் எழுதிக்காட்டினார். எனக்கு அதில் பாதி விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

1963 ஆம் ஆண்டு மார்ச் 3 ஆந் திகதி கோணேசர் கோயில் கும்பாபிஷேகம். பறங்கியர் பழைய கோயிலை இடித்தது பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில். அக்கோயிலுக்குரிய செப்புத் திருமேனிகள் 1950 இல் கிணறு வெட்டும்பொழுது மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956 இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிலே கடலில் மூழ்கிக் கோயிலின் கற்றூண்களைக் கண்டனர். ஏறத்தாழ 340 ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த குன்றின் உச்சியிலே மீண்டும் கோபுரம் எழுந்த அந்நாளில், கோட்டை வாயிலிலிருந்து மலைவரை சனத்திரள். நெரிசலிலே நானும் ஆசிரியரும் அருகருகே நின்றோம். இந்தப் பெரும் பொறுமையைக் குறித்து ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு ஆவணியிலே அவருடைய மனைவியார் காலமாகியிருந்தார். ஒரு வாரத்தில் பாடசாலைக்குத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வடிவகணிதத்தைத் தொடர்ந்தவர் அவர். நாங்கள் அவரை அசையாத மலை என்று எண்ணியிருந்தோம்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் சமாதியடைந்த செய்தி வந்தபொழுது, கொழும்புத்துறைக்குப் போய்வந்த ஆசிரியர், சுவாமிகள் ஆண்டுக்கணக்கில் இருந்த இலுப்பை மரத்தடியைப்பற்றி மாத்திரம் சொன்னார். கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதியில் பண்டசாலைப் பொறுப்பாளராக இருந்தவர், வேலையை விட்டு வந்து மழையிலும் வெயிலிலும் அந்த மரத்தடியில் இருந்தார். உலகம் அவரை அறிந்தது பிறகு. அந்த மரத்தடி ஆண்டுகளைப்பற்றிச் சொல்ல எவரிடமும் கதையில்லை. ஏனெனில் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்றார்.

1966 இல் துறைமுகக் கந்தோரிலே எனக்கு உத்தியோகம் கிடைத்தது. இறங்குதுறைத் தூண் ஒன்றிலே அடிக்கணக்குத் தீட்டிய பலகை ஒன்று நீருக்குள் நின்றது. நமது துறைமுகத்திலே வற்றுப்பெருக்கு மிகச் சிறிது. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டடிதான். பெரிய கப்பல்கள் நிற்கும் ஆழத்திலே இரண்டடி என்ன கணக்கு? பலகையை ஒரு மணிநேரம் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாலும் நீர் ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று சொல்லமுடியாது. சிற்றலை ஒவ்வொன்றும் ஏறி இறங்கிக் கண்ணை ஏமாற்றும். சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் ஓர் எழுத்து மறைந்திருக்கும். இது என் வாழ்க்கைக்கும் பொருந்தும் என்று அக்காலத்தில் எனக்குத் தோன்றவேயில்லை. அது என் வேலை, எழுதிவைத்தேன், அவ்வளவே.

1972 இல் விவாகம். 1974 இல் மகன். அதற்கு மறு ஆண்டு கொப்பி நின்றது. எந்த நாளில் நின்றது என்று கொப்பியைப் பார்த்தாற் தெரியும். ஏன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைக்குச் சுகமில்லாத ஒரு வாரம், பின்பு ஒரு மாதம், பின்பு பதினோர் ஆண்டுகள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்னிடம் பொல்லாத கோபம் இருந்தது. கந்தோரிலே பணிவானவன் என்று பெயரெடுத்தவன், வீட்டிலே புயல். 1985 ஆம் ஆண்டு ஒரு மாலை மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு வயதுப் பிள்ளை; பின்னக் கணக்கு; ஒரே பிழையை மூன்றாந் தடவையும் விட்டான். கையிலிருந்த அடிமட்டத்தால் ஓங்கினேன். புருவம் பிளந்தது. நான்கு தையல். ஆஸ்பத்திரியில் மருத்துவர் எப்படிக் காயம் வந்தது என்று கேட்டார். படியில் விழுந்தேன் என்று என் மகன் சொன்னான். எனக்காக அவன் சொன்ன அந்தப் பொய்யை இன்றளவும் மறக்கமுடியவில்லை.

மறு ஆண்டு ஆசிரியர் காலமானார். அந்தியேட்டி முடிந்த சில நாட்களின்பின் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அப்பாவின்ரை கொப்பியள். ஒரு எழுத்தும் இல்லை, கோடு மட்டும் இருக்குது. உங்களுக்கு விளங்குமெண்டு நினைக்கிறன், அண்ணா," என்று ஒரு தகரப் பெட்டியைத் தந்தார். முப்பத்தொரு கொப்பிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஆண்டு மாத்திரம். உள்ளே நெட்டுக்கோடுகள், இடையிடையே வெறுமைகள். அவருக்கும் வெறுமைகள் இருந்தன என்பதே எனக்குப் புதிது. 1962 ஆம் ஆண்டுக் கொப்பியைத் தேடி எடுத்தேன். ஆவணியில் ஒரு நாள் கோடு நிற்கின்றது. அதன்பின் அவ்வாண்டு முடியும்வரை ஒரு கோடுமில்லை. 1963 ஆம் ஆண்டுக் கொப்பியிலும் தாளைத் தாளாகப் புரட்டினேன், வெறுமை. கும்பாபிஷேக நாளும் வெறுமை. ஜூன் 11 ஆந் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை, மீண்டும் ஒரு கோடு. ஏன் அந்நாள் என்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வெறுமை. அதற்கு மறுநாள் ஒரு கோடு.

அந்தப் பத்து மாதங்களுள் ஏழு மாதங்களிலே, வெள்ளிக்கிழமைதோறும் என் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு கோடாகச் சிவப்புப் பென்சில் நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணியவர் அவர். ஒரு முறையும் விடாமல் எண்ணினார். கோடுகள் ஐந்து என்றால் ஐந்து என்று உரக்கச் சொல்வார். எனக்காக எண்ணுகின்றார் என்றே நான் நினைத்திருந்தேன்.

மறுநாட் காலை விறாந்தையில் அமர்ந்தேன். ஐந்து நிமிடம். மகன் பாடசாலைக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான், நெற்றியில் தழும்பு. கண்ணை மூடினால் அதுவே தெரிந்தது. நல்ல தியானம் என்று அதனைச் சொல்லமுடியாது. ஒரு கோடு போட்டேன்.

அதன்பின் வந்த காலத்தை நான் விவரிக்கவேண்டுவதில்லை. இம்மலரை வாசிப்போருள் அதனைப் படாதவர் சிலரே. 1990 ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டபொழுது ஊரைவிட்டுப் போனோம், திரும்பி வந்தோம். ஊரடங்குச் சட்டம் இருந்த விடியல்களிலே கடற்கரைக்குப் போக வழியில்லை; சாமான் அறையிலே அரிசி மூடைக்குப் பக்கத்தில் அமர்ந்தேன். வெடிச்சத்தம் கேட்கும்பொழுது மூச்சு எங்கே நிற்கின்றது என்று பார்த்திருக்கின்றேன். நெஞ்சுக் குழிக்குச் சற்று மேலே. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஞாயிறு, பூரணை நாள், டைக் வீதிக் கடற்கரை மணலில் வழக்கம்போல் அமர்ந்துவிட்டு ஏழு மணிக்கு முன்னரே வீடு திரும்பினேன். ஒன்பது மணியளவில் அந்த மணலின்மேல் கடல் வந்தது. காப்பாற்றியது தியானம் என்று சொன்ன நண்பர் ஒருவரிடம், காப்பாற்றியது பசி என்று சொன்னேன். போனவர்களுள் என்னிலும் நல்லவர்கள் பலர்.

முன்னேற்றம் என்று ஒன்று உண்டா என்று கேட்பீர்கள். ஆசிரியர் ஒருமுறை ஓர் அளவுகோல் சொன்னார். அமர்ந்திருக்கும்பொழுது என்ன நடக்கின்றது என்று பார்க்கவேண்டாம். கோபம் வந்த நேரத்துக்கும் வந்தது என்று நீர் அறிந்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு என்று பாரும் என்றார். 1986 இல் மீண்டும் தொடங்கியபொழுது, காலையில் வந்த கோபத்தை மறுநாட் காலை அமர்ந்திருக்கும்போதுதான் அறிவேன். சில ஆண்டுகள் சென்றபின் அன்று மாலையே அறிந்தேன். இன்னும் பல ஆண்டுகள் சென்று, ஏசிக்கொண்டிருக்கும்பொழுதே, இது நான் ஏசுகின்ற குரல் என்று காதில் விழத் தொடங்கியது. இப்பொழுது எனக்கு எண்பது வயது. முதற் சொல் வெளிப்பட்டவுடன் அறிகின்றேன். அச்சொல் வாயைவிட்டுப் புறப்படுமுன் அறியும் நிலை இன்னும் கைகூடவில்லை. அறுபது ஆண்டில் ஓர் இரவு ஒரு சொல்லாகச் சுருங்கியிருக்கின்றது. அவ்வளவுதான் என் சித்தி. இதிலும் சறுக்கல் உண்டு. சென்ற மாதம் மின்சாரப் பட்டியல் கொண்டுவந்த பையன் சாட்சி.

இக்காலத்தில் ஜூன் 21 ஆந் திகதி உலக யோக தினம் என்று 2015 முதல் கொண்டாடப்படுகின்றது. மைதானத்தில் ஆயிரம்பேர் ஒன்றாகக் கையுயர்த்துவது கண்ணுக்கு அழகுதான். இருநூறு மணிநேரம் பயின்று யோக ஆசிரியர் என்ற சான்றிதழ் பெறுவதாகவும் பெயரன் முறையான ஓர் இளைஞர் சொன்னார். குறைசொல்லும் தகுதி எனக்கில்லை. நான் மூன்று இரவில் யோகியானவன். ஆனால் அவர் தம் கைத்தொலைபேசியிலே காட்டிய தியானக் கணக்குப் பொறி ஒன்று எனக்கு உவப்பாயில்லை. நாள்தோறும் அமர்ந்தால் எண் ஏறுகின்றது. ஒரு நாள் தவறினால் பழையபடி பூச்சியமாகிவிடுகின்றது. நூற்றுப் பதினெட்டு நாள் சேர்த்துவைத்திருந்தவர், காய்ச்சலில் ஒரு நாள் தவறிப் பூச்சியத்தைக் கண்டதும் விட்டுவிட்டாராம். கொப்பியில் அப்படியில்லை. வெறுமை வெறுமையாகவே இருக்கும். முன்னே போட்ட கோடுகளை அது அழிப்பதில்லை. பத்து மாத வெறுமையின் முன்னும் பின்னும் ஆசிரியரின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் புரட்டிப் பார்த்தார்.

2018 இல் என் மகன் கனடாவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். இருபது ஆண்டுகளுக்கு முன் போனவன். இடையில் வந்தது இரண்டு தடவை. அவனுடைய மகனுக்கு ஒன்பது வயது. விடுமுறையிலும் பாடம் கொண்டுவந்திருந்தான். மழை நாள் ஒன்றில் விறாந்தையிலே அவனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்படி நேர்ந்தது. பிள்ளை தமிழ் அரைகுறையாகவே அறிவான்; நான் சொல்வது பாதி விளங்காது. ஒரே பிழையை நாலு தடவை விட்டான். ஐந்தாந் தடவை ஒரு தோசையை வெட்டிக் காட்டினேன். சரி வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கதவு நிலையிலே சாய்ந்தபடி மகன் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. புருவத்துத் தழும்பு நரைத்த மயிருக்குள்ளும் தெரிந்தது.

இரவு மனைவியிடம் சொன்னேன். உள்ளூர ஒரு பெருமை இருந்ததை மறைக்கவில்லை.

"பேரப்பிள்ளையிட்டை ஆருக்கு அப்பா கோவம் வரும்?" என்றாள் அவள். "அதெல்லாம் ஒரு கணக்கோ?"

அது ஒரு கணக்கில்லை என்றுதான் நினைக்கின்றேன். மகன் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. புறப்படும் நாளன்று காலை, நான் அமர்ந்து எழுந்தபொழுது, பக்கத்தில் வந்து, "அப்பா, இந்தக் கொப்பியள் எல்லாத்தையும் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். "எண்பத்தைந்தாம் ஆண்டுக் கொப்பி?" அவ்வாண்டுக்குக் கொப்பி இல்லை என்றேன். தலையசைத்தான். விமான நிலையத்துக்குப் போகும் வாகனம் வந்துவிட்டது.

இப்பொழுது முழந்தாள் மடங்குவதில்லை, கதிரையில்தான் அமர்கின்றேன். இன்று காலை ஐந்து நிமிடமும் மனம் இக்கட்டுரையையே எழுதிக்கொண்டிருந்தது. மூச்சை மூன்று தடவையோ நாலு தடவையோ கண்டிருப்பேன். எழுந்து கோட்டைப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போனேன்.